இரண்டு பேர் வீட்டில் மிஞ்சும் சோறும் கறியும்

கேள்வி: 2025 ஜனவரி 12, ஞாயிறு, பகல்

எங்களுக்குக் கல்யாணமாகி முதலாவது தைப்பொங்கல் வருகிறது. களுவாஞ்சிக்குடியில், அம்மாவின் வளவுக்குள்ளேயே எனக்குத் தந்த வீட்டில் இருக்கிறோம். இருவரும் வேலைக்குப் போகிறோம். எவ்வளவு அளந்து சமைத்தாலும் இரவில் சோறு மிஞ்சுகிறது. அதற்கு மேல் அம்மாவும் ஒரு கோப்பை கறி அனுப்பிவிடுகிறார். பழையதைச் சாப்பிட்டால் வயிற்று வருத்தம் வரும் என்கிறார் கணவர். சோற்றைக் கொட்டினால் வீட்டில் இலட்சுமி தங்கமாட்டாள் என்கிறார் அம்மா. யார் சொல்வதைக் கேட்பது? என்னைக் கேட்டால், மிஞ்சியதைக் கோழிக்குப் போட்டுவிட்டு நாளாந்தம் புதிதாகச் சமைப்பதே நல்லது.

பதில்: ஜனவரி 12, இரவு

உங்கள் கணவரும் அம்மாவும் வெவ்வேறு சோற்றைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். கணவர் அஞ்சுவது, சாப்பிட்டு எழுந்தபின் யாரும் திரும்பிப் பார்க்காமல் பானையிலேயே கிடந்து விடிந்த சோற்றுக்கு. அம்மாவின் மனதில் இருப்பது, சாப்பாடு முடிந்த கையோடு எடுத்து, ஆற்றி, தண்ணீர் ஊற்றி வைத்த சோறு. மிஞ்சியதைக் கொண்டு என்ன சமைக்கலாம் என்ற கேள்வி இரண்டாவதாக வரட்டும். சாப்பிட்டு முடிந்த அடுத்த ஒரு மணிநேரத்தில் அந்தச் சோறு எங்கே இருந்தது என்பதே முதற் கேள்வி. அதற்கு நல்ல பதில் இருக்கும் வீட்டில் கணவரும் பயப்பட வேண்டியதில்லை, அம்மாவும் கவலைப்பட வேண்டியதில்லை.

நானும் ஆரையம்பதியில், மனைவியின் தாய் வளவுக்குள் வந்து குடியிருப்பவன். வேலியின் அந்தப் பக்கத்திலிருந்து கறிக் கோப்பை வருவது எங்கள் வீட்டிலும் நாள் தவறாத நிகழ்ச்சி. பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே இருத்தும் வழக்கம் உள்ள எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில், இளந்தம்பதியரின் மிச்சச் சோறு அவர்கள் அளந்த அரிசியால் மட்டும் உண்டாவதில்லை.

கணவரின் அச்சத்துக்கு உண்மையான காரணம் இருக்கிறது. பசிலஸ் செரியஸ் என்னும் பற்றீரியாவின் வித்திகள், அதாவது அது விதைபோல உறங்கிக் கிடக்கும் வடிவங்கள், அரிசியில் இருக்கக்கூடும். சோறு கொதித்து வெந்தாலும் அவற்றில் சில சாவதில்லை. சோறு இளஞ்சூட்டில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட சூடு இப்படியான பற்றீரியாக்களுக்கு வாய்ப்பானது. மாரி இரவிலும் எங்கள் குசினிகள் அந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. பெரிய பானையில், மூடி போட்டு, குவியலாகக் கிடக்கும் சோற்றின் நடுப்பகுதி பல மணிநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆகவே மிஞ்சும் என்று தெரிந்தவுடன் சோற்றை அகன்ற தட்டில் மெல்லிதாகப் பரப்பி ஆற்றுங்கள். ஆவி அடங்கியதும் மூடியுள்ள சிறு பாத்திரங்களில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அல்லது தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு மணிநேரத்துக்குள், வெக்கை கடுமையான நாளென்றால் ஒரு மணிநேரத்துக்குள், இது முடிந்திருக்க வேண்டும்.

கோழிக்குப் போடுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அரிசி வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் யாரோ ஒருவருடைய பெரும்போகத்தில் விளைந்தது. என் தகப்பனார் அங்கே வயல் செய்பவர் என்பதால், சோற்றைக் கொட்டும் ஓசையை என்னால் இலேசாகக் கேட்க முடிவதில்லை.

ஜனவரி 13

அளவைப் பற்றி நேற்று எழுதவில்லை. இருவருக்கு ஒரு நேரத்துக்கு ஒரு சுண்டு (அரிசி அளக்கும் சிறு பேணி) அரிசி போதும். வயல்வேலை செய்பவர்களுக்கு அது போதாது. எங்கள் வீட்டில் இரவுக்கு ஒரு சுண்டும், அடுத்த நாள் பகற் பொதிக்கென்று முக்கால் சுண்டும் சேர்த்து ஒரே உலையில் போடுகிறோம். பொதிக்கான பங்கு, நாங்கள் சாப்பிட உட்காரும் முன்பே தனியாக எடுத்து ஆற்றப்படுகிறது. கை படாத சோறு நன்றாக நிற்கும். தட்டுக்குப் போய்த் திரும்பிய சோறு நிற்காது.

ஜனவரி 15

நேற்றுப் பொங்கிய சர்க்கரைப் புக்கையை என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பாலும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த எதையும் இரவு முழுவதும் வெளியே வைக்கக் கூடாது. நேற்று மாலையே குளிர்சாதனப் பெட்டிக்குள் போயிருந்தால் இன்று வாழையிலையில் தட்டி, சிறிது நெய் தடவி, தாச்சியில் இருபுறமும் சிவக்கச் சுடலாம். ஓரம் மொறுமொறுத்து உள்ளே குழைவாக இருக்கும். வெளியே இருந்திருந்தால் மாட்டுக்குக் கொடுங்கள். பட்டிப் பொங்கல் இன்றுதானே.

ஜனவரி 19

‘எதுவானாலும் நன்றாகக் கொதிக்கவைத்தால் கிருமி செத்துவிடும், இவ்வளவு பயப்படத் தேவையில்லை’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை மறுக்காமல் விட முடியவில்லை, ஏனென்றால் எங்கள் வீடுகளில் நடக்கும் பல வயிற்றுக் கோளாறுகளுக்கு இந்த நம்பிக்கையே வழிவிடுகிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் பசிலஸ் செரியஸ் சோற்றில் விட்டுச்செல்லும், வாந்தியை உண்டாக்கும் நஞ்சு கொதிநீரிலும் சிதையாதது. உண்டானபின் அதை நெருப்பு எடுத்துவிடாது. உண்டாகாமல் பார்ப்பது மட்டுமே எங்கள் கையில் இருக்கிறது.

மீனிலும் இதே போன்ற ஒன்று உண்டு. சூரை, கும்பளா போன்ற மீன்களை வெக்கையில் கிடக்கவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் சேர்கிறது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை இடிக்கும். பலர் அதை மீன் ஒவ்வாமை என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்தப் பொருளையும் சூடு அழிப்பதில்லை. வாங்கி வந்த மீனைச் சட்டிக்குள் போடும் வரை குளிரில் வைப்பதும், சமைத்த குழம்பில் மிஞ்சியதை அன்றைக்கே குளிருக்குள் வைப்பதும் அதனால்தான் முக்கியம். நாளைக்குச் சாப்பிட்டால் மீன்குழம்பு இன்னும் சுவை என்று நாங்கள் எல்லோரும் சொல்கிறோம். நானும் அப்படித்தான் நம்புகிறேன். அந்தச் சுவை இரவு எங்கே தங்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சூடாக்குவதைப் பற்றி ஒரு வரி. ஓரம் மட்டும் கொதித்தால் போதாது, நடுவிலும் ஆவி பறக்க வேண்டும். 75 பாகை என்பது கணக்கு. கையில் வெப்பமானி இல்லாதவர்களுக்கு, அகப்பையால் கிளறிய பின்னும் கொதி அடங்காமல் இருப்பது அடையாளம். சாப்பிடப்போகும் அளவை மட்டும் சூடாக்குங்கள்.

ஜனவரி 26, ஞாயிறு

பழஞ்சோற்றைப் பற்றி விரிவாக எழுதும்படி அக்கரைப்பற்றிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். இதை ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருந்தேன், ஏனென்றால் நாங்கள் இருவரும் ஆறுதலாக உட்கார்ந்து பழஞ்சோறு சாப்பிடுவது இந்த ஒரு காலையில்தான்.

என் தாய் வீட்டில் விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் விடியற்காலை உணவு இதுவே. இரவுச் சாப்பாடு முடிந்ததும் சோற்றை மண்சட்டிக்குள் இட்டு, சோறு முழுவதும் அமிழும்படி தண்ணீர் ஊற்றி, மூடி வைப்பார்கள். விடியும்போது தண்ணீர் சற்றே கலங்கி, மெல்லிய புளிப்பு மணம் வந்திருக்கும். அந்த இரவில் இலக்ரிக் அமில பற்றீரியாக்கள் வேலை செய்து சோற்றைப் புளிக்கவைக்கின்றன. புளிப்பு ஏற ஏற, கெடுக்கும் பற்றீரியாக்கள் வளர இடம் குறைகிறது. இது தயிர் உறைவதைப் போன்ற வேலை. எருமைத் தயிருக்குப் பேர்போன மாவட்டத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இங்கே மூன்று விடயங்களை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிந்தி ஊற்றிய தண்ணீர் பயன் தராது. எட்டு மணிக்கு ஆறிய சோற்றுக்குப் படுக்கப்போகும் நேரம், பதினொரு மணிக்கு, தண்ணீர் ஊற்றினால் இடைப்பட்ட நேரத்தில் உண்டானதைப் புளிப்பு அழித்துவிடாது. அடுத்தது தண்ணீர். கொதித்து ஆறிய நீரையே ஊற்றுங்கள். கடந்த நவம்பரில் வந்த வெள்ளத்துக்குப் பின், மணற்பாங்கான எங்கள் கரையோரக் கிணறுகள் பலவற்றை நம்ப முடியாது. மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவுக்குள் நெருங்கி இருக்கும் வீடுகளில் இது வருடம் முழுவதும் பொருந்தும். மூன்றாவதாக, இரவில் தண்ணீரைத் தவிர வேறொன்றையும் சேர்க்க வேண்டாம். தேங்காய்ப்பால், தயிர், வெங்காயம் எல்லாம் காலையில்தான்.

காலையில் எங்கள் வீட்டுச் சேர்க்கை: பழஞ்சோற்றை அதே தண்ணீரோடு கையால் பிசைந்து, உப்பு, நறுக்கிய சின்ன வெங்காயம், கிள்ளிய பச்சைக் கொச்சிக்காய், இரண்டு அகப்பை எருமைத் தயிர். தயிர் இல்லாத நாளில் தேங்காய் முதற்பாலும் தேசிக்காய்ப் புளியும். தொட்டுக்கொள்ள முந்திய நாள் மீனை வற்றவைத்தது அல்லது சுட்ட கருவாடு. மனைவி இதனோடு மாசிச் சம்பல் கேட்பார். இந்த ஒன்றில் மட்டும் நாங்கள் இன்னும் உடன்படவில்லை: தயிர் விட்ட சோற்றுக்குக் கருவாடுதான் என்பது என் கட்சி.

வழுவழுப்பாக நூல் இழுத்தால், நிறம் மாறியிருந்தால், புளிப்பு மணத்துக்குப் பதில் அழுகல் வாடை அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

ஜனவரி 26, இரவு

காலையில் எழுதியதைத் திரும்ப வாசித்தபோது, அது எல்லோருக்கும் பொருந்தும் என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடுமோ என்று தோன்றியது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள், நோயிலிருந்து எழுந்தவர்கள் ஆகியோருக்கு இரவு முழுவதும் வெளியே இருந்த எந்தச் சோற்றையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு உடனே குளிரில் வைத்து மறுநாளே ஆவி பறக்கச் சூடாக்கியது, அல்லது புதிதாக வடித்தது. வயலில் நின்று வேலை செய்யும் திடமான உடம்புக்காகத் தோன்றிய உணவை எல்லா உடம்புக்கும் உரியதாக்க வேண்டியதில்லை.

பெப்ரவரி 2

குளிர்சாதனப் பெட்டியில் வைத்த சோறு கல்லாகிவிடுகிறது என்று கேள்வி கேட்ட சகோதரி எழுதியிருக்கிறார். அது கெட்டதன் அடையாளம் அன்று. வெந்தபோது குழைந்து விரிந்த மாச்சத்து, குளிர்ந்தபோது மீண்டும் இறுகி ஒழுங்காக அடுக்கிக்கொள்கிறது. கையில் தண்ணீர் தொட்டுத் தெளித்து, உதிர்த்து, பிட்டவிக்கும் நீத்துப்பெட்டியில் இட்டு ஆவி பிடிக்கவையுங்கள். உலையிலிருந்து இறக்கியது போலவே வரும். தாச்சியில் எண்ணெய் விட்டுக் கிளறுவதைவிட இது நல்லது.

அந்த இறுகிய மாச்சத்தில் ஒரு பங்கு சிறுகுடலில் செரிக்காமல் கடந்துபோகிறது. அதனால் இரத்தத்தில் சீனி ஏறும் வேகம் குறையக்கூடும். இதை வைத்து எங்கள் நாட்டிலேயே ஒரு ஆய்வு நடந்தது. கொழும்பில் உள்ள இரசாயன விஞ்ஞானக் கல்லூரியில் சுதைர் ஜேம்ஸ் என்னும் மாணவரும் அவருடைய வழிகாட்டியான புஷ்பராஜா தவராஜாவும் இலங்கை அரிசி வகைகள் 38ஐ எடுத்துப் பார்த்தார்கள். கொதிக்கும் தண்ணீரில் அரிசியின் நிறையில் 3 சதவீதம் அளவு தேங்காயெண்ணெய் விட்டு, சோற்றைச் சமைத்து, 12 மணிநேரம் குளிரில் வைத்தபோது செரிக்காத மாச்சத்து கூடியதை 2015ஆம் ஆண்டு அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டத்தில் அறிவித்தார்கள். மீண்டும் சூடாக்கினாலும் அந்தப் பயன் போவதில்லை என்பதும் அவர்கள் கண்டது.

என் மாமாவுக்கு நீரிழிவு இருப்பதால் இதை ஆர்வத்தோடு வாசித்தேன். ஆனால் அது ஆய்வுகூடத்தில் அளந்த முடிவு. இதைப் படித்துவிட்டு மருந்தைக் குறைப்பதோ, குளிர்ந்த சோறு என்பதற்காக இரண்டு மடங்கு சாப்பிடுவதோ கூடாது. மாமா இப்போதும் தன் அளவையே சாப்பிடுகிறார். சோற்றைக் குறைத்து முருங்கையிலைச் சுண்டலைக் கூட்டியதுதான் அவருடைய வீட்டில் நாங்கள் செய்த மாற்றம்.

பெப்ரவரி 10

நேற்று ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதால் இந்த இழை திடீரென்று சூடுபிடித்திருக்கிறது. எல்லோருக்கும் பொதுவாகச் சொல்கிறேன். கதவைத் திறக்காவிட்டால் குளிர்சாதனப் பெட்டி ஏறத்தாழ 4 மணிநேரம் குளிரைக் காக்கும். நிறைந்திருக்கும் உறைநிலைப் பகுதி 48 மணிநேரமும், பாதி நிறைந்தது 24 மணிநேரமும் தாங்கும். அதனால் அதில் வெற்றிடம் இருந்தால் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பி வைத்துவிடுங்கள். ‘கெட்டுவிட்டதா’ என்று கதவைத் திறந்து திறந்து பார்ப்பதுதான் உண்மையில் கெடுக்கிறது.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதங்களில் என் தாய் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியை வெறும் அலுமாரியாகவே வைத்திருந்தார்கள். பாலில்லாத கறிகள், புளிவிட்டு வற்றவைத்த மீன், தண்ணீர்ச் சோறு, அன்றன்றைக்கு வேண்டிய அளவு என்று வீடு பழைய ஒழுங்குக்குத் திரும்பியது. தேங்காய்ப்பால் விட்ட கறிதான் முதலில் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நாங்கள் ஒவ்வொரு கறிக்கும் பால் விடுகிறோம். இரண்டு பேர் வீட்டுக்கு நான் சொல்லும் வழி: கப்பிப்பாலில் (முதற்பாலுக்குப் பின் பிழியும் நீர்த்த பாலில்) கறியை வேகவைத்து, அடுத்த நாளுக்கான பங்கை எடுத்து ஆற்றிய பின், சாப்பிடப்போகும் பங்குக்கு மட்டும் முதற்பால் விடுங்கள். மறுநாள் சூடாக்கும்போது புதிய முதற்பால் விட்டால், அது பழைய கறி என்று யாராலும் சொல்ல முடியாது.

பெப்ரவரி 16

இதுவரை சோற்றைப் பற்றியும் கிருமியைப் பற்றியும் எழுதியாயிற்று. இந்தச் சாப்பாட்டுக்குப் பிந்திய ஒரு மணிநேரம் யாருடையது என்பதை இன்னும் யாரும் கேட்கவில்லை. எனக்கு இதுவே எல்லாவற்றிலும் பெரிய கேள்வி.

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் மாலை ஆறு மணிக்கு மேல் சமையல் நடக்கிறது. நான் மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து வீடு வர மனைவியும் ஏறத்தாழ அதே நேரத்தில் வருவார். சமைத்து, சாப்பிட்டு, சட்டி கழுவி முடித்த களைப்பில் இருப்பவரிடமே ‘சோற்றைப் பரப்பி ஆற்று, கறியைப் பிரித்து வை’ என்றும் சொன்னால், அந்த வேலை ஒரு நாள் நடக்கும், மறுநாள் நடக்காது. சோறு பானையிலேயே கிடந்து விடிவதற்கு அறியாமையைவிடக் களைப்பே காரணம். ஆகவே கல்யாணமான புதிதிலேயே, சமைப்பவர் சாப்பாட்டுக்குப் பின் குசினிக்குள் போவதில்லை என்று வைத்துக்கொண்டோம். பெரும்பாலும் மனைவி சமைக்கிறார். மிஞ்சியதை எடுத்து வைப்பது என் பொறுப்பு. அவர் பயிற்சி வகுப்புக்குப் போகும் நாட்களில் நான் சமைக்கிறேன். அன்று அவர் எடுத்து வைக்கிறார். எடுத்து வைப்பவருக்கே மறுநாள் அதை என்னவாக்குவது என்று முடிவு செய்யும் உரிமையும் உண்டு.

மாமிக்கு இது முதலில் பிடிக்கவில்லை. ‘மருமகனக் குசினிக்குள்ள விடாத புள்ள, பாக்கிற சனம் என்ன சொல்லும்’ என்று மகளிடம்தான் சொன்னார், என்னிடம் நேரே சொல்லவில்லை. நானும் மறுத்துப் பேசவில்லை. எடுத்து வைத்த இறாற்கறியில் மறுநாள் இடியப்பக் கொத்துப் போட்டு ஒரு கோப்பை வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பிவைத்தேன். அதற்குப் பின் மாமி கறி அனுப்பும் முன் ‘உங்கட ஊட்டுல என்ன மிச்சம் கிடக்கு?’ என்று கேட்கத் தொடங்கினார். இந்த ஒரு கேள்வி எங்கள் வீட்டு மிச்சத்தைப் பாதியாகக் குறைத்தது. கேள்வி கேட்ட சகோதரி தன் அம்மாவிடம் ‘அனுப்ப வேண்டாம்’ என்று சொல்ல முடியாமல் தவிப்பது எனக்குப் புரிகிறது. வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, ஐந்து மணிக்கு முன் இன்றைக்கு என்ன இருக்கிறது என்று அம்மாவிடம் நீங்களே சொல்லிவிட்டால் போதும்.

வியாழக்கிழமை இரவுக்கு எங்கள் வீட்டில் தனி இடம் உண்டு. வெள்ளிக்கிழமை மரக்கறி என்பதால், மீனும் இறைச்சியும் சேர்ந்த எதுவும் வியாழன் இரவைத் தாண்டக் கூடாது. அன்று புதிதாகக் கறி வைப்பதில்லை. பிட்டு அவித்து, இருக்கிற எல்லாவற்றையும் இறக்கி வைத்து முடிக்கிறோம். கிழமைக்கு ஒரு முறை குளிர்சாதனப் பெட்டி வெறுமையாவதால், பின் மூலையில் எப்போது வைத்தது என்று தெரியாத பாத்திரம் எங்கள் வீட்டில் இல்லை. கறிகளுக்கு மூன்று நாள், சோற்றுக்கு ஒரு நாள் என்பதே நாங்கள் வைத்திருக்கும் எல்லை.

மனைவியின் நிபந்தனை ஒன்றையும் எழுத வேண்டும்: ஒரு கறி இரண்டாம் முறை மேசைக்கு வரும்போது அது வேறு கறியாக இருக்க வேண்டும். பருப்புக்கறி தக்காளியும் புளியும் சேர்ந்து ஆணமாகலாம்; உருளைக்கிழங்குக் கறி மசிந்து ரொட்டிக்குள் போகலாம்; கோழிக்கறி எலும்பு நீங்கிக் கொத்துக்குள் போகலாம். அதே கறியை அதே சட்டியில் வைத்தால் அவர் சாப்பிட மாட்டார். இதை ஆடம்பரம் என்று யாரேனும் சொல்லக்கூடும். நான் அப்படிப் பார்க்கவில்லை. சமைத்தவரின் உழைப்பை மதித்து எடுத்து வைத்த உணவு, சாப்பிடுபவருக்குத் தண்டனையாகிவிடக் கூடாது.

மார்ச் 5

நோன்பு தொடங்கிவிட்டதால் காத்தான்குடியிலிருந்து மனைவியோடு வேலை செய்யும் தோழி கஞ்சி அனுப்பத் தொடங்கியிருக்கிறார். அதை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று வேறொருவரும் கேட்டிருக்கிறார். அரிசி, தேங்காய்ப்பால், இறைச்சி மூன்றும் சேர்ந்த உணவு அது. அன்று மாலையே குடித்துவிடுங்கள். அதிகம் வந்தால் மாமி வீட்டுக்கும் அயல்வீட்டுக்கும் பகிருங்கள். பகிர்வதற்கென்றே வரும் கஞ்சியைக் குளிரில் அடைத்து வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

மார்ச் 23

தேங்காய் விலை ஏறியிருக்கும் நாட்களில் பால் பிழிந்த தேங்காய்ப்பூவை எறியலாமா என்ற கேள்வி நியாயமானது. எறியாதீர்கள். பிழிந்த அன்றே வெறும் தாச்சியில் குறைந்த நெருப்பில் ஈரம் போக வறுத்து, காற்றுப் புகாத போத்தலில் இட்டுக் குளிரில் வையுங்கள். செத்தல் மிளகாய், உள்ளி, புளி, உப்புச் சேர்த்து இடித்தால் வறுத்த சம்பல். அதைவிட எனக்குப் பிடித்தது சோற்று ரொட்டி.

குளிரில் வைத்த சோறு இரண்டு கைப்பிடியை நீர் தெளித்து நன்றாகப் பிசையுங்கள். பருக்கை தெரியக் கூடாது. கோதுமை மா ஒரு கைப்பிடி, பிழிந்த தேங்காய்ப்பூ ஒரு கைப்பிடி, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், கறிவேப்பிலை, உப்பு. தண்ணீர் பெரும்பாலும் தேவைப்படாது, சோற்றின் ஈரமே போதும். வாழையிலையில் எண்ணெய் தடவி மெல்லிதாகத் தட்டி, இலையோடு தாச்சியில் கவிழ்த்து, இலை வாடியதும் உரித்தெடுங்கள். தடிப்பாகத் தட்டினால் உள்ளே வேகாமல் களியாக நிற்கும். பெருநாளுக்கு வரும் விருந்தினருக்கும் இதைச் செய்து கொடுக்கலாம். சோறு என்று சொன்னால்தான் தெரியும்.

ஏப்ரல் 16

புத்தாண்டுக்கு மீன் சமைக்காமல் இருந்துவிட்டு நேற்று எல்லோரும் ஒன்றாக மீன் வாங்கியதால், இன்று மீன்குழம்பு மிஞ்சிய கேள்விகள் வந்து குவிந்திருக்கின்றன. ஜனவரியில் வற்றவைத்த மீன் என்று சொல்லிவிட்டு முறையை எழுதாமல் விட்டிருந்தேன்.

பாலில்லாத புளிக்குழம்பாக இருக்க வேண்டும். பால் விட்டதை வற்றவைத்தால் திரிந்து எண்ணெய் பிரியும். முதல் நாளே குளிரில் வைத்த குழம்பிலிருந்து மீன் துண்டுகளை மெதுவாக எடுத்துத் தனியே வையுங்கள். குழம்பை மட்டும் மண்சட்டியில், மூடாமல், நடுத்தர நெருப்பில் பாதியாகும் வரை கொதிக்கவிடுங்கள். துண்டுகளையும் சேர்த்து வற்றவைத்தால் மீன் நாராகிவிடும். மணலை போன்ற மென்மையான வாவி மீன் உடைந்தே போகும். குழம்பு அகப்பையில் ஒட்டும் பதத்துக்கு வந்ததும் ஒரு கொறுக்காய்ப்புளிச் சுளையும் இடித்த மிளகும் போட்டு, துண்டுகளை அடுக்கி, அகப்பை போடாமல் சட்டியைப் பிடித்து ஆட்டுங்கள். துண்டுகளின் நடுவரை சூடேறிக் குழம்பு அடியில் பிடிக்கும் முன் இறக்கி, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு மூடுங்கள். உப்பைக் கடைசியில் மட்டும் பாருங்கள், ஏனென்றால் வற்றும்போது அது தானாகக் கூடியிருக்கும்.